ஆட்டமும் அதாவும்

பல துறைகளை ஒருங்கு கூட்டிப் பயிலும் கல்வியே உயர்ந்த கல்வி என்னும் கொள்கை, பெரும் பல்கலைக் கழகங்களில் இன்று கோலோச்சுகின்றது. அக்கொள்கையைக் குறை கூற நாம் பேனா எடுத்தோமில்லை. இலக்கணமும் தர்க்கமும் ஃபிக்ஹும் வானநூலும் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே உஸ்தாதின் முன் ஓதப்பட்ட மரபில் வந்த நமக்குச் சுவரில்லாக் கல்வி புதியதுமன்று, அஞ்சத் தக்கதுமன்று. நம் வழக்கு வேறு. சுவர்களை இடித்து விட்டோம் என்று பறை சாற்றுவோர் எந்தப் பக்கத்துச் சுவரை இடித்தனர், எந்தப் பக்கத்துச் சுவருக்கு மேலும் ஒரு வரிசைச் செங்கல் ஏற்றினர் என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

நியூயார்க் பல்கலைக் கழகத்தில் 'பெர்ஃபார்மன்ஸ் ஸ்டடீஸ்' என்றொரு துறை உண்டு. நிகழ்த்துகை ஆய்வு என்று தமிழில் வழங்கலாம். நாடகம் கற்பித்து வந்த பட்ட மேற்படிப்புத் துறையே 1980இல் இப்பெயர் பூண்டது. நாடக இயக்குநரான ரிச்சர்ட் ஷெக்னர் அதற்கு வித்திட்டவர்களுள் தலையாயவர். ஆப்பிரிக்கப் பழங்குடியினரின் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலார் விக்டர் டர்னர் அவருக்குத் தோள் கொடுத்தார். நாட்டார் வழக்காற்றியல் கற்ற பார்பரா கிர்ஷன்பிளாட் கிம்பிளட் 1981 முதல் துறைத் தலைமை ஏற்றார். மேடை ஏறியவரும், சடங்கை ஆய்ந்தவரும், நாட்டார் வழக்கைத் தொகுத்தவரும் ஒரே கூரையின் கீழ்க் கூடியபோது பிறந்தது ஒரு பெரும் கோட்பாடு. மேடை நாடகம் என்பது கடலில் ஒரு துளியே. திருமணம், அடக்கச் சடங்கு, நீதிமன்ற வழக்காடல், விளையாட்டு, அரசியல் ஊர்வலம், நாள்தோறும் ஒருவரோடொருவர் முகமன் கூறுதல் ஆகிய யாவும் 'நிகழ்த்துகை'களாகவே ஆராயத் தக்கவை என்பது அது. ஷெக்னர் ஒரு நுட்பமும் சொல்லுவார். ஒரு சமுதாயம் எதனை நிகழ்த்துகை என்று ஏற்கிறதோ அதுவே நிகழ்த்துகை 'ஆகும்'; ஆயின் எதனையும் நிகழ்த்துகை 'யாகக்' கருதி ஆராயலாம் என்பார்.

இதனால் விளைந்த நன்மையை மறைத்தல் நன்றி கொல்லுதலாகும். அரபு மக்களுக்கு நாடகமே இல்லை என்றும், அதுவே அவர்தம் அறிவுக் குறைக்குச் சான்று என்றும் கீழ்த்திசை ஆய்வாளர் பலர் நெடுங்காலம் எழுதி வந்தனர். அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கு உரை வகுத்த இப்னு ருஷ்து (ரஹ்) 'டிராஜடி' என்ற சொல்லைப் புகழ்ப்பா என்றும் 'காமடி' என்ற சொல்லை வசைப்பா என்றும் பொருள் கொண்டதை எள்ளி நகையாடினர். மோசூலில் பிறந்து கெய்ரோவில் கண் மருத்துவம் பார்த்த இப்னு தானியால், பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மூன்று நிழற்கூத்துகளை அரபியில் எழுதி வைத்தார் என்பது அந்த நகைப்பொலியில் அமுங்கிற்று. மேடை மட்டுமே நாடகம் அன்று என்று நியூயார்க்கார் சொன்னதும் இந்த வசை ஒருவாறு நீங்கியது.

வசை நீங்கியதோடு நின்றிருந்தால் நாம் துஆ செய்துவிட்டுப் பேசாதிருப்போம். நடந்தது என்ன? நேற்று வரை 'ஒன்றுமில்லாதவர்' என்று ஒதுக்கப்பட்ட நாம், இன்று 'எல்லாமே ஆட்டமாக உடையவர்' ஆகி விட்டோம். தொழுகையின் நிலையும் குனிவும் சிரவணக்கமும், ஹஜ்ஜின் சுற்றும் ஓட்டமும், திக்ரு மஜ்லிஸின் அசைவும் ஆய்வு மேசையில் மாதிரிப் பொருள்களாக வைக்கப்பட்டுள்ளன. நம் செயல்களுக்கு அங்கே கதவு திறந்தது. அச்செயல்களைப் பற்றி ஆயிரமாண்டு காலம் நம் ஆலிம்கள் நிகழ்த்திய ஆராய்ச்சிக்குத் திறக்கவில்லை. உடல் உள்ளே போகலாம்; அவ்வுடலுக்கு உரிய அறிவு வெளியே செருப்போடு நிற்க வேண்டும்! பல்துறைக் கல்வி என்பதன் பொருள் இதுவானால், அப்பெயரைத் திருப்பிக் கேட்கும் உரிமை நமக்குண்டு.

வெறுங்குறை கூறுவதாக எவரும் எண்ணற்க. அத்துறையினர் தம் அடித்தளக் கற்கள் என்று கொண்டாடுபவற்றுள் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். ஆக்ஸ்ஃபோர்டுத் தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவர் மறைந்த பின் 1962இல் அவை நூலாயின. சில சொற்கள் ஒன்றைத் தெரிவிப்பதில்லை, ஒன்றைச் செய்து முடிக்கின்றன என்றார் அவர். மணமேடையில் 'ஏற்கிறேன்' என்பவன் செய்தி சொல்லவில்லை, மணம் முடிக்கிறான். அச்சொல்லுக்கு மெய், பொய் என்ற அளவுகோல் பொருந்தாது. மேலைநாட்டார் இதனைக் கேட்டு வியந்தனர், வியக்கத் தக்கதே. ஆயின் நம் மத்ரஸாவில் 'முக்தஸருல் மஆனி' ஓதும் மாணவன், கபர், இன்ஷா என்னும் பாகுபாட்டை ஆஸ்டின் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஓதி வருகிறான். மெய் பொய்க்கு இடமளிப்பது கபர், இடமளிக்காதது இன்ஷா. மிஸ்ரு நாட்டு மாலிகீ இமாம் ஷிஹாபுத்தீன் அல்கராஃபீ (வஃபாத்து: ஹிஜ்ரி 684, கி.பி. 1285) தம் 'அல்ஃபுரூக்' என்னும் பெருநூலின் இரண்டாம் வேறுபாட்டை இதற்கென்றே ஒதுக்கினார். செய்திச் சொல் தன் பொருளைப் பின்தொடர்ந்து செல்கிறது. ஆக்கச் சொல்லோ தன் பொருளைப் பின்னால் இழுத்து வருகிறது என்பது அவர் காட்டும் நுட்பங்களுள் ஒன்று. 'விற்றேன்' என்ற இறந்தகாலச் சொல் விற்பனையை எப்படி இப்போது உண்டாக்குகிறது என்று ஆராய்ந்தார். ஹனஃபீ அறிஞர் இதில் முரண்பட்டதையும் எடுத்துரைத்து வாதிட்டார்.

'நாங்கள் முன்னரே சொல்லி விட்டோம்' என்று மார்தட்டும் பழைய வழக்கம் இது என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அவ்வழக்கத்தில் நமக்கும் சலிப்பே. முன்னர்ச் சொன்னது யார் என்பதன்று இங்கே பொருள். ஆஸ்டின் நின்ற இடத்துக்கு அப்பாலும் நம் நூல்கள் நடந்திருக்கின்றன. அதனைக் காட்டவே இது சொன்னோம்.

நடிகன் மேடையில் சொல்லும் சொல் வெறுமையானது, மெய்யான பயன்பாட்டை அண்டிப் பிழைக்கும் ஒட்டுண்ணி என்று ஆஸ்டின் ஒதுக்கி வைத்தார். பிரெஞ்சு அறிஞர் ஜாக் தெரிதா 1971இல் இதனைத் தாக்கினார். எந்தச் சொல்லும் முன்னர்ச் சொல்லப்பட்டதன் மீள்கூற்றாய் இருப்பதால்தானே பலிக்கிறது, பின் மேடைச் சொல்லை மட்டும் தள்ளுவானேன் என்றார். அதிலிருந்து ஜூடித் பட்லர் வரை ஒரு பெரும் விவாதம் கிளைத்தது. நாடகத் துறைகள் அதனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடின. ஒருவர் மேடைச் சொல் அனைத்தையும் தள்ளினார். மற்றவர் வேலியே வேண்டாம் என்றார். இடையில் ஒரு நிலம் இருக்கிறதே! அதை உழுதவர் ஃபுகஹாக்கள்.

நிகாஹ், தலாக், ரஜ்அத் ஆகிய மூன்றிலும் விளையாட்டும் வினையே என்னும் கருத்துடைய நபிமொழியை அபூதாவூதும் திர்மிதீயும் பதிந்துள்ளனர். எனவே 'வேடிக்கைக்குச் சொன்னேன்' என்ற சொல் அங்கே செல்லாது. அதே ஃபுகஹாக்கள், பிறர் கூற்றை எடுத்துரைப்பவனின் சொல்லால், அதாவது ஹிகாயத்தால், தலாக் நிகழாது என்றும் தீர்த்தனர். தலாக்கின் சட்டங்களை மனைவி கேட்கப் பாடம் நடத்தும் ஆசிரியன், 'நீ தலாக்' என்று நூறு முறை உச்சரித்தாலும் அவன் இல்லறம் குலையாது. (இத்தீர்ப்பு இல்லையேல் எம்மனைய ஆசிரியர் ஒருவருக்கும் வீட்டில் சோறு கிடைத்திராது.) விளையாடுகிறவன் வேறு, எடுத்துரைக்கிறவன் வேறு. விளையாடுகிறவன் சொல்லைத் தனதாகவே சொல்லி, அதன் விளைவை மட்டும் மறுக்கிறான். எடுத்துரைக்கிறவன் சொல்லையே தனதென்று கொள்ளவில்லை. நடிகன் இவ்விருவருள் யார்? திரைப்படத்தில் மணமகனாக வருபவன் 'கபூல்' சொன்னால் என்ன ஆகும் என்பது பற்றி இன்றைய முஃப்திகளிடையே கருத்து வேறுபாடு உள்ளது. நிகழ்த்துகைக் கோட்பாட்டின் உயிர்நிலையான கேள்வி அன்றோ இது? அத்துறையின் அறிமுக நூல்களைப் புரட்டுவோர் ஆஸ்டினைத் தவறாது காண்பர். கராஃபீயைக் காண நாம் கொடுத்து வைக்கவில்லை.

இன்னொரு கல், எர்விங் காஃப்மன் என்னும் சமூகவியலார் 1950களில் எழுதிய நூல். மனிதன் அன்றாட வாழ்வில் தன்னை எவ்வாறு பிறர் முன் வைக்கிறான் என்பதை அது முன்மேடை, பின்மேடை என்ற உவமையால் விளக்கும். உணவு விடுதிப் பணியாளன் கூடத்தில் ஒரு முகமும் சமையற்கட்டில் ஒரு முகமும் கொள்வதைக் கண்டு காட்டும். நல்ல நூல், கூர்மையான கண். மேடை என்ற இந்த உவமை வெறும் சாரமே, கட்டடம் எழுந்ததும் கழற்ற வேண்டியது என்று நூலின் இறுதியில் அவரே எச்சரித்தார். பின்வந்தவரோ சாரத்திலேயே குடியேறி விட்டனர்.

இதனோடு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவை வைத்துப் பார்க்க வேண்டும். பதவி மோகத்தையும் ரியாவையும் கண்டிக்கும் இருபத்தெட்டாம் கிதாபில், மனிதன் உடலால், உடையால், சொல்லால், செயலால், உடன் கூடுவோரால் என ஐவகையாகத் தன்னைக் காட்டிக் கொள்கிறான் என்று அவர்கள் வகுக்கிறார்கள். நோன்பாளி என்று தோன்ற மெலிந்த மேனியும் வாடிய உதடும். வணக்கசாலி என்று தோன்ற நெற்றித் தழும்பு. மக்கள் நடுவே மட்டும் திக்ரில் அசையும் உதடு. பிறர் நோக்குகையில் நீளும் ருகூஉ. ஒன்றையும் விடவில்லை. மார்க்கப் பற்றுடையோரை மட்டும் சாடாமல், உலகாதாயக்காரர் கொழுத்த உடலாலும் பட்டாலும் குதிரையாலும் அதையே செய்கின்றனர் என்றும் காட்டுகிறார்கள். ரியா என்ற சொல்லின் வேர் 'பார்த்தல்'. தியேட்டர் என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லும் 'பார்க்கும் இடம்' என்றே பொருள்படும். இரு மொழிகளும் ஒரே இடத்தில் கை வைத்திருக்கின்றன.

ஆயின் அடுத்த அடியில் பாதை பிரிகிறது. தன் வேடத்தைத் தானே நம்புகிறவன், நம்பாமல் ஆடுகிறவன் என்று காஃப்மன் இரு வகை காட்டினார். கஸ்ஸாலி இமாமின் கேள்வி நம்புகிறாயா என்பதன்று, யாருக்காக என்பது. ஒருவன் தன் வீட்டில் தஹஜ்ஜுத் தொழுபவன் அல்லன். தஹஜ்ஜுதுக்கு எழுவோர் உள்ள வீட்டில் ஓர் இரவு தங்குகிறான். அவர்களைக் கண்டு இவனுக்கும் ஊக்கம் பிறந்து தொழுகிறான். இது ரியாவா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் இமாமவர்கள் ஒரு சோதனை வைக்கிறார்கள். அவர்கள் உன் கண்ணுக்குத் தெரிய, நீ அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு திரைக்குப் பின்னால் இருந்தால், அப்போதும் உன் மனம் தொழ இசையுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுகிறார்கள். இசையுமாயின் அவர்களைப் பார்த்ததே உன்னை எழுப்பியது. இன்றேல் அவர்கள் பார்ப்பது எழுப்பியது. பார்வையாளன் இருத்தலால் செயல் எவ்வாறு மாறுகிறது என்று ஆராய்வதே தம் துறை என்போர், இந்த ஒரு பக்கத்தைப் படிக்காமல் எப்படித் தம் துறையை முழுமை என்று கூறுகின்றனர் என்பது நமக்கு விளங்கவில்லை.

நிகழ்த்துகைக்கு அரபியில் இக்காலத்தார் வழங்கும் சொல்லை எண்ணும்போது இது மேலும் தெளிவாகும். அவர்கள் வழங்குவது 'அதா'. நிகழ்த்துகலைகளை 'ஃபுனூனுல் அதா' என்பர். இச்சொல் நம் வீட்டுச் சிறுவரும் அறிந்ததே. வேளைக்குள் தொழுதது அதா. வேளை தப்பித் தொழுதது களா. அதா என்பதன் அடிப்பொருள், உரியதை உரியவரிடம் சேர்த்தல். கடனை அதா செய்கிறோம். அமானிதத்தை அதா செய்கிறோம். சாட்சியத்தை அதா செய்கிறோம். ஹதீஸ் கலையில் உஸ்தாதிடமிருந்து ஏற்பது 'தஹம்முல்', அடுத்தவருக்கு ஒப்படைப்பது 'அதா'. காரீகள் கேட்டவாறே ஓதிக் காட்டுவதும் அதாவே. எங்கும் ஒரு பொருள் உண்டு, அதற்கு ஓர் உரிமையாளர் உண்டு, இடையில் நிற்பவன் பொறுப்பாளி. ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்தில் இதற்கு வெகு தொலைவில் இருந்ததன்று. முழுமையாக நிறைவேற்றுதல் என்னும் பழைய பிரெஞ்சு மூலத்திலிருந்து அது வந்ததை டர்னரே எடுத்துக் காட்டியுள்ளார். ஒப்பந்தச் சட்டத்தில் இன்றும் அப்பொருள் உயிரோடு இருக்கிறது. ஆயின் டர்னர் அதனை அனுபவத்தின் நிறைவு என்று கொண்டாரேயன்றிக் கடனின் நிறைவு என்று கொள்ளவில்லை. அங்கே நழுவியது அத்துறை.

நழுவியதன் விளைவை மேடை வல்லார் ஒருவரே பதிந்து வைத்திருக்கிறார். நம் நாட்டில் தஃஸியா என்றால் முஹர்ரத்தில் கட்டித் தூக்கிச் செல்லும் கூட்டையே எண்ணுவோம். ஈரானில் அது கர்பலா நிகழ்ச்சியை மக்கள் நடுவே நடித்துக் காட்டும் துக்க நிகழ்ச்சி. அது ஷீஆ மக்களின் வழக்கம். அஹ்லுஸ் ஸுன்னத் உலமாக்கள் அதனை ஒப்புவதில்லை. நாமும் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆயினும் அதன் உள்ளமைப்பைக் கவனித்தல் வேண்டும். அதில் பங்கேற்போர் தம்மை நடிகர் என்று கூறிக்கொள்வதில்லை, 'ஷபீஹ்கான்' என்பர். சாயலை ஓதுபவன் என்பது பொருள். மனப்பாடமாகத் தெரிந்தாலும் பலர் கையில் ஏட்டை வைத்துக்கொண்டே ஓதுவர். நான் இமாம் ஹுஸைன் அல்லன், அவர் சொல்லை எடுத்துரைப்பவனே என்பது அவ்வேட்டின் பொருள். நல்லோர் பச்சை உடுத்து இசையோடு ஓதுவர். கொடியோர் சிவப்பு உடுத்து வெற்றுரையாகப் பேசுவர். ஷிம்ராக நிற்பவன் வாளை ஓங்கியவாறே கண்ணீர் வடிப்பதும் உண்டு. மேலை ஆய்வாளர் சிலர் இதைக் கண்டு, ஜெர்மானிய நாடக ஆசிரியர் பிரெக்ட்டின் உத்தி இங்கேயும் உள்ளது என்று மகிழ்ந்தனர். உத்தியாம்! அது ஹிகாயத் என்னும் சட்ட வேலி. அம்மக்களின் சொந்தக் கோட்பாடு.

புகழ்பெற்ற இயக்குநர் பீட்டர் புரூக் இந்நிகழ்ச்சியை முதலில் ஒரு தொலைதூரச் சிற்றூரில் கண்டார். பல நூற்றாண்டுக்கு முந்திய மரணம் அன்று கண்முன் நிகழ்வது போல் ஊரே அழுததைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்ததாக எழுதினார். பின்னர் அதே தஃஸியா, ஷாவின் ஆட்சியில் ஷீராஸ் நகரில் நடந்த அனைத்துலகக் கலை விழாவுக்குக் கொண்டு வரப்பட்டது. நல்ல உடை, நல்ல ஒத்திகை, உயர்குடி விருந்தினர். ஆயின் உயிரில்லை என்று அவரே எழுதினார். ஓதியோர் குறைவாக ஓதவில்லை. ஊராருக்கு அது செலுத்த வேண்டிய துக்கம். விருந்தினருக்கு அது பார்க்க வேண்டிய பண்டம். ஒரே அசைவு, ஒரே சொல். ஓரிடத்தில் அதா, ஓரிடத்தில் ஆட்டம். எதனையும் நிகழ்த்துகை'யாக'க் காணலாம் என்னும் சூத்திரத்திற்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் கண் ஏது?

இதற்கு அவர்கள் சொல்லும் விடை நமக்குத் தெரியும். நிய்யத் உள்ளத்தில் உள்ளது. உள்ளத்தை ஆய்வாளன் காண முடியாது. காணக் கூடியது வெளிச் செயலே என்பார்கள். காழீயும் உள்ளத்தைக் காண்பதில்லை. அதை நாம் அவர்களிடமிருந்து கற்க வேண்டியதில்லை. ஆயின் எங்கே நிய்யத் தேவை, எங்கே தேவையில்லை என்பதை ஃபிக்ஹு வரி வரியாக வகுத்து வைத்துள்ளது. தெளிவான தலாக் சொல்லுக்கு நிய்யத் வேண்டா. மறைமுகச் சொல்லாகிய கினாயாவுக்கு வேண்டும். நஜீஸைக் கழுவ நிய்யத் வேண்டா. தொழுகைக்கு அஃதின்றேல் தொழுகையே இல்லை. உளூவுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் வேண்டும், ஹனஃபீ மத்ஹபில் அது கட்டாயமன்று. இவ்வளவும் வெளியில் நின்று செய்த ஆராய்ச்சியே. காண முடியாததைக் கணக்கில் எடுக்கவே முடியாது என்பது அறிவியல் அன்று, சோம்பல்.

எல்லாரையும் ஒரே கோலால் அடித்தோம் என்ற பழி நமக்கு வேண்டா. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகத்தில் இதே துறையைச் சேர்ந்த டுவைட் காங்கர்குட், பிறருடைய வழக்கங்களைத் தாம் நிகழ்த்திக் காட்டுவோர் வழுக்கி விழும் குழிகளை 1985இல் ஒரு கட்டுரையில் வரிசைப்படுத்தினார். கொள்ளை கொண்டு போதலும், கண்காட்சி ஆக்குதலும் அவற்றுள் அடங்கும். ஸபா மஹ்மூத் என்னும் அம்மையார் கெய்ரோப் பள்ளிவாசல்களில் தர்ஸ் நடத்தும் பெண்மணிகளோடு 1990களில் பழகி, 2005இல் நூல் வெளியிட்டார். அப்பெண்களின் தொழுகையை அவர் நாடகமாகக் காணவில்லை. இறையச்சத்தை உள்ளத்தில் விளைவிக்க உடலால் செய்யும் பயிற்சி என்று அவர்கள் தாமே சொல்வதைச் செவிமடுத்து, அதனையே கோட்பாடாக எடுத்து, ஆஸ்டினோடும் பட்லரோடும் வாதாட வைத்தார். நாம் கேட்பதும் இவ்வளவே. செய்ய முடியாத ஒன்றைக் கேட்கவில்லை.

இனி நம்மவர் பக்கம் திரும்புவோம்; அங்கே நமக்குக் கோபம் இதனினும் மிகுதி. 'கூத்தாடிகளின் படிப்பு நமக்கெதற்கு' என்று உலமாப் பெருமக்களில் ஒரு சாரார் தோளில் விழுந்த தூசியெனத் தட்டி விடுகின்றனர். பட்டம் பெற்ற இளைஞருள் ஒரு சாராரோ, தம் பாட்டியார் ஓதிய மவ்லிதையும் தம் தந்தையார் தொழுத தராவீஹையும் 'நிகழ்த்துகை' என்று எழுதியதும் தாம் உலக அறிஞர் வரிசையில் அமர்ந்து விட்டதாக மகிழ்கின்றனர். முன்னவர் கையில் கருவி இருக்கிறது, பயன்படுத்தும் எண்ணம் இல்லை. பின்னவருக்கு எண்ணம் இருக்கிறது, கருவி இருக்கும் இடமே தெரியாது. இன்ஷாவின் பாடத்தை நடத்தும் உஸ்தாதுகள் அப்பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதென்று எண்ணினால், நியூயார்க்கார் அதைத் தேடி வரவில்லையே என்று நாம் முறையிடுவது எப்படிப் பொருந்தும்? பூட்டிய பெட்டகத்தை எவரும் திறக்கவில்லை என்று பெட்டகத்துக்காரனே அழுவது போலாகும்.

அல்ஃபுரூக்கின் அந்த இரண்டாம் வேறுபாடும், இஹ்யாவில் நாம் சுட்டிய பகுதியும் மலைக்கத் தக்க அளவுடையவை அல்ல. அரபியும் தமிழும் ஒருங்கே வல்ல இருவர், பல்கலைக் கழகத்தில் நாடகம் பயின்ற ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ஆஸ்டினின் சொற்பொழிவுகளோடு ஒப்பிட்டுக் குறிப்புரையுடன் தமிழாக்கலாம். மத்ரஸாக்களின் ரமழான் விடுமுறை அதற்குப் போதும்.